வீட்டுக்கு மேசைக்கணினி வாங்கும் முன்

பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவில் சேர்த்த கையோடு பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போடணும். எது வாங்கலாம்?" அதற்குள் ஏதோ ஒரு கடையில் "ஐ5 கம்ப்யூட்டர், 500 ஜிபி, மானிட்டரோட சேர்த்து" என்று ஒரு விலையும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பணம் சீட்டு எடுத்ததாகவோ மகளிர் குழுக் கடனாகவோ நகை அடகு வைத்ததாகவோ இருக்கும். இந்தக் கேள்வி கணினி ஆசிரியரைத் தேடித்தான் வரும் என்றில்லை. தமிழாசிரியரிடமும் இடைநிலை ஆசிரியரிடமும் வரும். வினாத்தாள் தட்டச்சு, எமிஸ் பதிவு, இணையவழிப் பயிற்சி என்று நமக்கும் வீட்டில் ஒரு கணினி தேவைப்படுகிறது. ஆகவே குறைந்த விலையில் மேசைக்கணினி வாங்கும்போது எதைப் பார்ப்பது, எதற்குப் பணம் கொடுக்காமல் விடுவது என்று அறிந்துகொள்வது எல்லா ஆசிரியர்களுக்கும் பயன்படும்.

தேவை என்ன என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த நம் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்களில் பதினொன்றாம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைதான். இரண்டும் மிக எளிய கணினியிலேயே ஓடும். ஆவணம் தட்டச்சு செய்தல், விரிதாள், காணொலி பார்த்தல், இணையப் படிவம் நிரப்புதல் ஆகியவற்றுக்கும் வலிமையான கணினி வேண்டியதில்லை. தனி கிராபிக்ஸ் அட்டை, வண்ண விளக்கு எரியும் பெட்டி இவற்றையெல்லாம் கடைக்காரர் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

வாங்காமலே முடியுமா என்பதையும் பாருங்கள். 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் விசைப்பலகை பழுதாகியோ திரை கெட்டோ பரணில் கிடக்கின்றன. அதில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஓர் எஸ்எஸ்டி பொருத்தி, வெளியிலிருந்து ஒரு விசைப்பலகையும் திரையும் இணைத்தால் பைதான் கற்கப் போதுமான மேசைக்கணினி ஆகிவிடும்.

"ஐ5" என்பது பாதி விவரம்தான்

பெற்றோர் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் நிறுவனச் செயலிகளின் தரப் பிரிவுகள். ஒரே காலத்தில் வெளிவந்த செயலிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே அவை உதவும். மூன்றாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்த குழந்தையையும் எட்டாம் வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் குழந்தையையும் ஒரே கணக்கைக் கொடுத்து ஒப்பிடுவோமா? செயலியின் "வகுப்பு" அதன் தலைமுறை எண். ஐ5-2400 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னுள்ள நான்கு இலக்கங்களில் முதலாவதைப் பாருங்கள்: இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. ஐ5-8500 எட்டாம் தலைமுறை, 2018. ஐந்து இலக்கங்கள் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்; ஐ5-10400 என்பது பத்தாம் தலைமுறை. இந்தக் கணக்குப்படி ஐ3-8100, ஐ5-2400ஐவிடத் தெளிவாக வேகமானது. "ஐ3 வேண்டாம் சார், ஐ5தான் வேணும்" என்று பெற்றோர் பிடிவாதம் பிடித்தால் இதை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

இன்னொன்று: "புதுசா அசெம்பிள் பண்ணித் தர்றோம்" என்று சில கடைகளில் விற்கும் கணினியில் பெட்டியும் மதர்போர்டும் புதியவை, உள்ளே இருக்கும் செயலி இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறைப் பழையது. எச்61 என்ற பெயருள்ள மதர்போர்டு என்றால் இதுதான். பெட்டி பளபளப்பாக இருப்பதால் சந்தேகமே வராது.

தலைமுறை ஏன் இவ்வளவு முக்கியம்? வேகம் மட்டும் காரணமில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். பழைய கணினியிலும் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ நிறுவித் தருகிறார்கள், ஓடும். ஆனால் அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இது விளையாட்டல்ல. எனவே எட்டாம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் நோக்கில் எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சுழலும் தட்டும் ஒரு கணக்கும்

அடுத்து சேமிப்பகம். "500 ஜிபி" என்று கடைக்காரர் சொன்னால் பெரும்பாலும் அது ஹார்டு டிஸ்க். அதனுள் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. வேண்டிய தகவல் தட்டின் எந்த இடத்திலும் இருக்கலாம் என்பதால் சராசரியாக அரைச் சுற்று, ஏறத்தாழ 4.17 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்து 12 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். கணினி தொடங்கும்போது ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் 5000 சிறு துண்டுகளைப் படிக்க வேண்டும் என்று கொண்டால் 60 விநாடி ஆகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. ஒரு முறை படிக்க 0.1 மில்லி விநாடி என்று வைத்தாலும் அதே வேலை அரை விநாடியில் முடியும். நடைமுறையில் வேறு காரணங்களும் சேரும் என்றாலும் வேறுபாட்டின் அளவு புரிந்துவிடும். எட்டாம் வகுப்புக் கணிதப் பாடத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

ஆகவே 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கைவிட 256 ஜிபி எஸ்எஸ்டி நமக்கு மேலானது. கணினியைத் திறந்ததும் அது 256க்குப் பதில் 238 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கிவரும் 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. வகுத்துப் பார்த்தால் 238 வரும். நினைவகம் (ராம்) 8 ஜிபி இருக்கட்டும். 4 ஜிபியில் உலாவியில் நான்கைந்து பக்கம் திறந்தாலே திணறும்.

புதியதா, புதுப்பித்ததா?

அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழிக்கும் கணினிகளைத் துடைத்து, பழுது பார்த்து விற்கிறார்கள். டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள் இப்படிக் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெரு இதற்குப் பேர்பெற்றது. மாவட்டத் தலைநகரங்களிலும் கடைகள் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு, அதே விலையில் கிடைக்கும் பெயரில்லாப் புதிய கணினியைவிட இவற்றையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் மாதிரி எண்ணைக் கவனியுங்கள். ஆப்டிபிளக்ஸ் 3050 ஏழாம் தலைமுறை வரைதான். 3060 எட்டாம் தலைமுறை. திங்க்சென்டர் எம்710க்கும் எம்720க்கும் அதே வேறுபாடு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், விலையிலும் சிறு வித்தியாசமே இருக்கும்.

இவற்றின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒல்லியான பெட்டிகளில் மின்வழங்கி (எஸ்எம்பிஎஸ்) அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். கெட்டுப்போனால் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. பலவற்றில் வைஃபை இருக்காது. யுஎஸ்பியில் செருகும் சிறு கருவி தனியாக வாங்க வேண்டும். டிஸ்பிளேபோர்ட் மட்டும் இருந்து எச்டிஎம்ஐ இல்லாத கணினியும் உண்டு. அதற்கு மாற்றி ஒன்றைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்தபின் அலைய வேண்டாம். மேசைக்கணினியில் கேமராவும் மைக்கும் கிடையாது என்பது மடிக்கணினி பழகியவர்களுக்கு இணையவழிப் பயிற்சி அன்றுதான் நினைவுக்கு வரும்.

திரையைப் பொறுத்தவரை அங்குலக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். அது மூலைவிட்டத்தின் நீளம். 21.5 அங்குல அகலத்திரையின் பக்கங்கள் 16:9. பிதாகரஸ் தேற்றப்படி அகலம் 18.7, உயரம் 10.5 அங்குலம். பழைய 19 அங்குலச் சதுரத்திரை 5:4. அதன் அகலம் 14.8, உயரம் 11.9. எண்ணில் சிறியதாக இருந்தும் உயரம் அதிகம். நாள் முழுக்க வினாத்தாளும் கடிதமும் தட்டச்சு செய்பவருக்கு அந்தப் பழைய திரை மலிவில் கிடைத்தால் நல்லதுதான். காணொலி பார்க்க அகலத்திரை.

கடையில் பத்து நிமிடம்

கணினியை இயக்கிக் காட்டச் சொல்லி, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் செயலியின் முழு எண், ராம் அளவு, சேமிப்பகம் எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்க்கா எல்லாம் தெரியும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். அதை மாற்றி ஒட்டுவது எளிது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் செயலி விண்டோஸ் 11க்குத் தகுதி உண்டா என்று சொல்லும். பழைய எஸ்எஸ்டி என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் நலம் எத்தனை விழுக்காடு என்று பார்க்கலாம். பயாஸ் அமைப்பு கடவுச்சொல் கேட்காமல் திறக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அலுவலகம் வைத்த கடவுச்சொல் நீங்காமல் வரும் கணினி பின்னாளில் தலைவலி. தேதி தவறாகக் காட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. மிக மலிவான பொருள், ஆனால் தேதி தவறாக இருந்தால் வங்கித் தளங்கள் திறக்க மறுக்கும்.

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியையும் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனக் கணினிகளில் விண்டோஸ் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருப்பது வழக்கம்; அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. "ஆபீஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உரிமத்தை ஏமாற்றும் மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வரலாம். லிப்ரே ஆபீஸ் இலவசம், சட்டப்படியானது, வேர்டு கோப்புகளையும் திறக்கும். எட்டாம் தலைமுறைக்குக் கீழுள்ள கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் லினக்ஸ் மின்ட் நிறுவிப் பயன்படுத்தலாம். கேரளப் பள்ளிகளில் உபுண்டு அடிப்படையிலான கட்டற்ற இயங்குதளமே பயன்பாட்டில் உள்ளது. தமிழ் தட்டச்சுக்கு விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் தமிழ் 99 விசைப்பலகை உண்டு. பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்களைத் திறக்க அந்த எழுத்துருவை மட்டும் நிறுவிக்கொண்டு, புதியவற்றை யூனிகோடில் தொடங்குங்கள்.

மின்சாரச் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கணினியும் திரையும் சேர்ந்து 80 வாட் என்று கொண்டு நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 19 யூனிட் சொச்சம். யுபிஎஸ் அவசியமா என்பது உங்கள் ஊர் மின்தடையைப் பொறுத்தது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறம் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தனி யுபிஎஸ் வேண்டாம். சிறிய யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது 84 வாட்-மணி. கணக்குப்படி ஒரு மணி நேரம் தாங்க வேண்டும்; உண்மையில் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஏன் என்பதை இயற்பியல் வகுப்பில் கேட்டால் நல்ல விவாதம் நடக்கும். திறந்த கோப்பைச் சேமித்து அணைக்க அந்த நேரம் போதும்.

பணம் கொடுக்கும்போது ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீது கேளுங்கள். செயலியின் முழு எண், ராம், எஸ்எஸ்டி அளவு, கணினியின் வரிசை எண், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பவை அதிலேயே எழுதப்பட வேண்டும். "ஐ5 கம்ப்யூட்டர் 1" என்று மட்டும் எழுதித் தரும் ரசீதைத் திருப்பிக் கொடுத்து, முழுமையாக எழுதச் சொல்லுங்கள்.