பிள்ளைகளின் அறிவியல் கல்வியில் பெற்றோரின் பங்கு

ஆயுத பூஜையன்று நம் இல்லங்களில் பிள்ளைகளின் பாடநூல்களுக்கு அருகிலேயே தகப்பனாரின் பால்வெட்டும் உளியும், செம்பனை அறுக்கும் அரிவாளும் சந்தனப் பொட்டுடன் வைக்கப்படுகின்றன. நூலறிவுக்கும் தொழிலறிவுக்கும் ஒரே தீபாராதனைதான். ஆனால் மறுநாள் பள்ளியில் அறிவியல் விழாவுக்குப் பிள்ளை தயாராகும்போது, "எங்களுக்கு என்னங்க ஐயா தெரியும்? நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று பெற்றோர் ஒதுங்கிக்கொள்கின்றனர். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இப்படிச் சொல்வது பொருந்துமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிக முறையில் நடப்பட்டது 1917-ஆம் ஆண்டில், நம் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அத்தோட்டம் தாங்கி நிற்கும் பெயரோ நம் தமிழ்ச் சொல். நாட்டின் மிகப் பெரிய தொழில்களுள் ஒன்று அங்கிருந்து கிளைத்தது.

அச்செம்பனையிலேயே ஓர் அருமையான அறிவியல் பாடம் உண்டு. செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில், ஆனால் வெவ்வேறு காலத்தில் தோன்றும். ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்தைச் சென்றடைய வேண்டும். காற்றே இவ்வேலையைச் செய்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். காற்று போதவில்லை; காய்ப்பிடிப்பு குறைந்தது. எனவே தோட்டங்களில் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், மகரந்தத்தை முகமாவுடன் கலந்து மரம் மரமாகச் சென்று பெண்பூவில் ஊதிவிட்டார்கள். இன்று பாட்டிமாராக இருப்பவர்களுள் சிலருக்கு அவ்வேலை நன்றாக நினைவிருக்கும்.

கேமரூனிலும் மலேசியாவிலும் பணிபுரிந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். ஆப்பிரிக்காவில் எவரும் மகரந்தம் ஊதவில்லை. ஆயினும் குலைகள் நன்கு காய்த்தன. ஏன்? இக்கேள்விக்கு விடை தேடிப் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆய்வு செய்து, ஒரு சிறு கூன்வண்டே அவ்வேலையைச் செய்கிறது என்று நிறுவினார். ஆண்பூவின் சோம்பு போன்ற மணத்தை நாடி வரும் வண்டு, பெண்பூவும் சிறிது நேரம் அதே மணத்தை வீசுவதால் ஏமாந்து அங்கும் செல்கிறது. உடலில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிர்கிறது. தக்க சோதனைகளுக்குப் பின் 1981-இல் அவ்வண்டு மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. கையால் ஊதும் வேலை மறைந்தது.

ஆறாம் ஆண்டு மாணவனுக்கு மகரந்தச் சேர்க்கையைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடம் எங்கே கிடைக்கும்? அதைச் சொல்லக்கூடிய பாட்டி வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். பேரனோ இணையத்தில் படம் தேடிக்கொண்டிருக்கிறான்.

பால்மரமும் அப்படியே. விடியுமுன் ஏன் வெட்ட வேண்டும்? வெயில் ஏறினால் இலை வழியே நீர் ஆவியாகி, பால் நாளங்களுக்குள் அழுத்தம் குறைந்து, பால் மந்தமாக வடியும். வெட்டு ஏன் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் இறங்குகிறது? பட்டைக்குள் பால் நாளங்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், அவ்வாறு வெட்டினால் அதிக நாளங்கள் அறுபடும். ஆசிட் விட்டால் ஏன் பால் உறைகிறது, அம்மோனியா விட்டால் ஏன் உறையாமல் இருக்கிறது என்பது வேதியியல். செய்முறை முழுவதும் பெற்றோர் கையில் இருக்கிறது. காரணம் பாடநூலில் இருக்கிறது. இரண்டும் ஒரு மேசையில் சந்திக்கவில்லை என்பதே குறை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களிடையே லூயிஸ் மோல் என்ற கல்வியாளரும் அவர் குழுவினரும் இதையே ஆராய்ந்து 1992-இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். குறை சொல்ல அல்ல, கற்றுக்கொள்ள. உழவு, சுரங்கம், கட்டுமானம், இயந்திரப் பழுது, மூலிகை என்று அவ்வீடுகளில் இருந்த அறிவைக் கண்டு, அதிலிருந்து பாடங்களை அமைத்தார்கள். ஒரு வகுப்பில் தாயார் ஒருவரே வந்து தம் நாட்டு மிட்டாய் செய்யக் கற்பித்தார். சிறுபான்மையினர் வீட்டில் கல்விக்கு ஒன்றுமில்லை என்ற எண்ணத்துக்கு அது தக்க மறுமொழி.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. டாக்டர் தம்பிராஜா அவர்கள் 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பத்துமலைக்குக் கல்வி யாத்திரை அழைத்துச் சென்றது. படிப்பு பிள்ளைக்கு மட்டும் உரிய காரியம் அன்று, குடும்பத்தின் விரதம் என்பதை அது மக்கள் மனத்தில் பதித்தது. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் விழா நடத்திவரும் அஸ்டி சங்கத்தின் தொண்டும் போற்றத்தக்கது. ஒரு கேள்வியை எடுத்து, சோதனை செய்து, நடுவர் முன் நின்று விளக்கும் துணிவைச் சிறுவர்கள் அதில் பெறுகிறார்கள்.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய போட்டிகள் பலவற்றில் காட்சிப் பலகையை ஆசிரியர் அலங்கரிக்கிறார். பெற்றோர் மண்டப வாசலில் நின்று, பரிசளிப்பின்போது புகைப்படம் எடுக்க மட்டும் உள்ளே வருகிறார்கள். அவர்களைக் குறை கூறுவது எளிது. முறை வேலை, பேருந்து வசதியின்மை, படித்தவர் கூட்டத்தில் கூச்சம் ஆகிய யாவும் உண்மையே. பயிற்றுமொழியும் ஒரு தடை. 2003 முதல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியல் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்டது. 2009-இல் அக்கொள்கை கைவிடப்படும் என்று அறிவித்தார்கள். 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. இடைநிலைப்பள்ளியிலோ தமிழில் அறிவியல் இல்லை. பள்ளியில் எம்மொழியில் கற்பித்தாலும், 'பால் ஏன் உறையுது?' என்று தாய் தமிழில் கேட்க, பிள்ளை தமிழில் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் அந்தப் படிப்பு தாயைத் தாண்டிப் போய்விடும்.

இங்கேதான் ஆலயத்துக்கு வேலை இருக்கிறது. பள்ளிக்கு வரத் தயங்குபவர் ஆலய மண்டபத்துக்குத் தயங்குவதில்லை. அது அவருடைய இடம். திருமணங்கள் இல்லாத சனிக்கிழமைகளில் மாதம் ஒரு முறை அம்மண்டபத்தைத் திறந்துவைக்கலாம். பேசுபவர் பெற்றோராகவும், பாடநூற் சொல்லை எடுத்துக் கொடுப்பவர் ஆசிரியராகவும், எழுதிக்கொள்பவர் பிள்ளையாகவும் இருக்கட்டும். தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன இளைய தகப்பன்மார் மோட்டார், பம்பு, மின்சுற்று பற்றிக் காட்டலாம். ஆண்டில் ஒரு மாலை கம்போங் குவாந்தானுக்குக் குடும்பங்களாகச் சென்று, பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுசேர்ந்து ஒளிர்வதைக் காணலாம். வெளிநாட்டார் பணம் கொடுத்துப் பார்க்கும் அதிசயம் அது. நம் பிள்ளைகள் பலர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

இதற்கு அதிகப் பொருட்செலவு இல்லை. ஒரு தராசு, வெப்பமானி, லிட்மஸ் தாள், நோட்டுப் புத்தகங்கள், தேநீர், பயண நாளில் பேருந்து வாடகை. ஒவ்வோர் ஆண்டும் வெற்றிக் கிண்ணங்களுக்கு உபயம் அளிக்கும் அன்பர்கள் ஓராண்டு அதைப் பேருந்து வாடகையாக மாற்றித் தந்தால், கிண்ணம் கிடைக்காத பிள்ளைகளும் பயன் பெறுவார்கள்.

பொருளைவிட முதலில் வேண்டுவது ஆட்கள். பால்வெட்டு, செம்பனை அறுப்பு, மகரந்தம் ஊதுதல், மருந்து அடித்தல், பால்காம்பராவில் ஆசிட் கலத்தல் என எந்த வேலை தெரிந்தவராயினும், வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பின் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். எந்தத் தோட்டம், என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று எழுதினால் போதும். படிப்புத் தகுதி எழுத வேண்டியதில்லை.