மெய்விவாகமும் நாட்டுச் சட்டமும்



ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் விவாகம் செய்துகொள்ளலாமா என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், "வாயை மூடு" என்று அதட்டிவிடாதீர்கள். இது உண்மையில் இரண்டு கேள்வி.

முதலாவது, மெய்விவாகத்தைப் பற்றியது. அது சேசுநாதர் ஏற்படுத்தின தேவதிரவிய அனுமானம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மரணமட்டும் பிரியாமல் வாழவும், பிள்ளைகளைப் பெற்று வளர்க்கவும் ஏற்பட்டது. அதை மாற்றத் திருச்சபைக்கே அதிகாரமில்லை. 2023 டிசம்பரில் ரோமாபுரியிலிருந்து வந்த அறிக்கை, இத்தகைய ஜோடிகள் கேட்டால் குருவானவர் சுருக்கமாய் ஆசீர்வதிக்க இடங்கொடுத்தது. விவாகச் சடங்கைப்போல் அது தோன்றவும் கூடாதென்று கண்டித்தும் சொல்லிற்று.

இரண்டாவது, சட்டம் இவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது. வெள்ளைக்காரர் 1860-ல் எழுதின 377-ம் பிரிவைக் கொண்டு, மனமொத்து வாழும் வயதுவந்தவர்களைத் தண்டிக்கலாகாதென்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவாக உரிமையையோ 2023 அக்டோபர் 17-ல் அதே நீதிமன்றம் கொடுக்கவில்லை. அது பாராளுமன்றத்தின் வேலை என்றது. ஆயினும் அன்றாடக் கஷ்டங்களைத் தீர்க்க ஒரு கமிட்டி ஏற்பட்டது. 2024-ல், இவர்கள் ஒரே ரேஷன் கார்டில் இருக்கலாம், பாங்கில் கூட்டுக் கணக்கு வைக்கலாம் என்று மத்திய சர்க்கார் தெளிவுபடுத்தியது. இதைக் கேட்டு நம்மில் சிலர் முகஞ்சுளிக்கிறார்கள். ரேஷன் அரிசி தேவதிரவிய அனுமானமா?

திருச்சபையின் ஞானோபதேச நூலில் 2358-ம் எண்ணைப் படியுங்கள். இவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமாய் வேற்றுமை காட்டக்கூடாது என்றிருக்கிறது. அடுத்த எண் இவர்களைக் கற்புநெறிக்கு அழைக்கிறது. அந்த அடுத்த எண்ணை மாத்திரம் மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் அநேகர். (முந்தினதை மாத்திரம் படிப்பவர்களும் உண்டு.)

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண் தன் தோழியோடு வாழ விரும்பினாள். வீட்டார் அவளை வலுவில் கொண்டுபோய், அடித்து, அவளை மாற்றுவதற்கென்று ஏதோ சடங்குகளும் செய்வித்தார்களாம். அவர்கள் எந்த வேதத்தாரோ, அது இங்கே பேச்சல்ல. பெற்ற வயிறு பதறினதும் நமக்கு விளங்குகிறது. வயதுவந்த மகளோடு பேசலாம், அழலாம், அவளுக்காக ஜெபமாலை சொல்லலாம். கதவைப் பூட்ட எந்த வேதவாக்கியம் இடங்கொடுக்கிறது? நீதிபதிகள் அவளையே விசாரித்து, அவள் இஷ்டப்படி போகவிட்டார்கள். வீட்டார் குறுக்கே நிற்கக்கூடாதென்று தடைவிதித்து, போலீசார் அவளுக்குப் பாதுகாப்பளிக்கவும் உத்தரவிட்டார்கள்.