எலக்ட்ரானைக் கழற்றும் ஒளி

திருப்பூரிலிருந்து ஏற்றுமதியாகும் பனியன் துணியில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். எதற்குத் தெரியுமா? சில அசோ சாயங்கள் சிதைந்தால், புற்றுநோய் உண்டாக்கவல்ல அமீன்கள் வெளிப்படும். அத்தகைய சாயங்களை இந்தியா 1997-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல்.

அமீனை அடையாளம் காண அதன் மூலக்கூறை நிறுத்துப் பார்க்கிறார்கள். மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு நிறமாலைமானியின் பிடியில் சிக்காது. ஆகவே ஓர் எலக்ட்ரானைக் கழற்றியாக வேண்டும். வழக்கமான கருவியில் 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களால் அடிப்பார்கள். முரட்டு வைத்தியம்தான், பல மூலக்கூறுகள் உடைந்தே போகும்.

ஒளியாலும் கழற்றலாம். அனிலினை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தேவை 7.72 எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் 3 அளவுக்குத்தான் உண்டு. 160 நானோமீட்டர் புற ஊதா ஒளி போதும். ஆனால் அதைக் காற்றே விழுங்கிவிடும்!

வேறு வழி? லேசரைத் துல்லியமாக 294 நானோமீட்டரில் நிறுத்துங்கள். முதல் ஃபோட்டான் 4.22 கொடுத்து எலக்ட்ரானை ஒரு படி ஏற்றும். அது இறங்குவதற்குள் இரண்டாவது ஃபோட்டான் வந்தால் மொத்தம் 8.44. எலக்ட்ரான் வெளியே பாயும். மூலக்கூறு நேர் அயனியாக நிற்கும்.

குளிர்ந்த வாயுவில் அலைநீளம் சற்றுப் பிசகினாலும் முதல் படி எட்டாது. அந்தப் படியின் உயரம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறு. ஆர்த்தோ டொலுயிடின் ஐரோப்பியத் தடைப் பட்டியலில் உண்டு. அதே எடையுள்ள பாரா டொலுயிடின் இல்லை. தராசு ஏமாறும் இந்த இரட்டையரை லேசர் பிரித்துக் காட்டிவிடும்.