சுன்னாகத்துத் தூளுக்கு ஓர் இணைய முகவரி

கேள்வி: ஐயா, நானும் மச்சாளும் சேர்ந்து மூன்று வருசமாக வீட்டிலேயே கறித்தூள், ஒடியல் மா, வறுத்த உளுத்தம் மா செய்து விற்கிறோம். சுன்னாகம் சந்தையடியில் மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறோம். மிச்சத்தை வெளிநாட்டிலிருந்து வந்துபோகிற சொந்தக்காரர் வாங்கிக்கொண்டு போவார்கள். இணையத்தளம் செய்து, பேஸ்புக்கில் விளம்பரமும் போட்டுத் தர தெரிந்த பெடியன் ஒருவன் ஒன்றரை லட்சம் ரூபா கேட்கிறான். கனடாவில் இருக்கிற தம்பியோ "வெப்சைட் இல்லாட்டி ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்கிறான். எங்களிடம் ஒதுக்கக்கூடியது நாற்பதாயிரம்தான். மிச்சத்துக்குக் கடன் வாங்கலாமா?
வாசகி, சுன்னாகம்

பதில்: கடன் வாங்க வேண்டாம். அந்த நாற்பதாயிரத்திலும் பாதியை இப்போதைக்குத் தொடாமல் வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். புலம்பெயர்ந்தவர்களுக்கு விற்பதென்றால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் விளம்பரம் போடவேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கே விளம்பரம் காட்ட இங்கேயிருப்பதைவிடப் பல மடங்கு செலவாகும். ஒரு கிலோ தூளை விமானத்தில் அனுப்புகிற கூலி தூளின் விலையையே விழுங்கிவிடும். ஆனால் அதே ஆட்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு ஆடி ஆவணியில் இங்கே வருகிறார்கள். திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் முந்திப் பெட்டியில் மீந்திருக்கிற கிலோவைக் கணக்குப் பார்த்துவிட்டு, தங்கியிருக்கிற இடத்திலிருந்தே போனில் "யாழ்ப்பாணக் கறித்தூள்" என்று தேடுகிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் பெயரும், வீட்டுக்கு வருகிற வழியும் திரையில் தெரிந்தால் போதும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கூகிள் வரைபடத்தில் வியாபாரப் பக்கம் ஒன்று தொடங்குங்கள். 2021 வரை கூகிள் மை பிஸ்னஸ் என்று அழைக்கப்பட்டது, இப்போது கூகிள் பிஸ்னஸ் புரொஃபைல். பெரும்பாலும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். தெரு, வாசல், பெயர்ப்பலகை, உள்ளே நீங்கள் வேலை செய்கிற இடம் எல்லாம் ஒரே ஓட்டத்தில் அதில் தெரியவேண்டும். பலகை இல்லையென்றால் சின்னதாக ஒன்று எழுதிப் படலையில் மாட்டுங்கள். முகவரியை எழுதுவதோடு விட்டுவிடாதீர்கள். நம்மூர் ஒழுங்கைகளை வரைபடம் பல இடங்களில் சரியாகப் பிடிப்பதில்லை. புள்ளி பக்கத்து வளவில் விழுந்தால், வாடகைக் காரில் வருகிறவர் இரண்டு தரம் சுற்றிவிட்டுப் போய்விடுவார். போனை எடுத்துக்கொண்டு படலையடியில் நின்று, புள்ளியை நீங்களே இழுத்து அந்த இடத்தில் வையுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருந்தால் அதையே எல்லா இடத்திலும் போடுங்கள்; பதியாவிட்டால் அந்த வேலையை முதலில் முடியுங்கள்.

அடுத்தது வட்ஸ்அப் பிஸ்னஸ். 2018இல் வந்த செயலி, அதுவும் இலவசம். அதிலுள்ள கெற்றலொக்கில் பொருளின் படம், நிறை, விலை மூன்றையும் போட்டு வைக்கலாம். "விலை என்ன?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் இரவு பத்து மணிக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சொந்தப் போன் நம்பரைக் கொடுக்காமல் இதற்கென்று ஒரு சிம் எடுங்கள். பின்னொரு நாள் மச்சாள் ஓடர் எடுக்கிற பொறுப்பை ஏற்றால் நம்பரை அப்படியே கைமாற்றிவிடலாம்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும், ஏனென்றால் விற்பது படம்தான். இணையத்தில் கிடைக்கிற, கண்ணாடிக் கிண்ணத்தில் செக்கச்செவேலென்று இருக்கிற இந்திய மிளகாய்த்தூள் படத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். நம்முடைய தூள் அந்த நிறமில்லை. மல்லியும் மிளகும் சீரகமும் பெருஞ்சீரகமும் வெந்தயமும் கறிவேப்பிலையும் வறுபட்டு வந்த ஆழ்ந்த மண்ணிறம். அந்த நிறத்தை அடையாளம் கண்டுதான் ஸ்காபரோவில் வளர்ந்த பிள்ளைகூட "இது அம்மம்மாட தூள்" என்று நிற்கும். காலை எட்டு மணிக்கு முன்னர், விறாந்தையில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். போனின் கமராக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் ஒரு முறை துடையுங்கள். மா வேலை செய்கிற வீடுகளில் அதில் எப்போதும் ஒரு மெல்லிய படலம் இருக்கும். படம் மங்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இனி இணையத்தளம். தம்பி சொல்வதில் பிழையில்லை. பக்கம் ஒன்று இருந்தால் நம்பிக்கை கூடும். ஆனால் உங்களுக்குத் தேவை ஒரே ஒரு பக்கம். என்ன பொருள், தூளில் என்னென்ன சேர்கிறது, எத்தனை கிராம், என்ன விலை, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், வட்ஸ்அப் பொத்தான், வரைபடம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துப் பதிந்திருந்தால் அதையும் எழுதுங்கள். இதைக் கூகிள் சைட்ஸில் காசில்லாமலே செய்யலாம். பிறகு வாங்குகிற சொந்த முகவரியையும் அதனுடன் இணைக்கலாம். காட் மூலம் பணம் வாங்குகிற வசதியெல்லாம் மாதம் ஐம்பது ஓடர் வந்த பிறகு யோசிக்கிற விசயம். அதுவரை வங்கிக் கணக்கும் கியூஆர் கோடும் தாராளம்.

டொமைன் என்கிற இந்த இணைய முகவரியை யாருடைய பெயரில் பதிகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். வடமராட்சியில் எனக்குத் தெரிந்த ஒரு பலகாரக் கடைக்காரர். நல்ல தளம், நாலு வருசம் நன்றாக ஓடியது. செய்து கொடுத்த பெடியன் நேர்மையானவன், ஏமாற்றவில்லை. அவனுக்குப் பிரான்சுக்குப் போகிற வழி கிடைத்தது, போய்விட்டான். டொமைன் அவனுடைய மின்னஞ்சலில், அவனுடைய வங்கிக் காட்டில் பதிந்திருந்தது. ஆண்டுக் கட்டணம் கட்டச் சொல்லி வந்த கடிதங்கள் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்தன. முகவரி காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரரின் பலகாரப் பெட்டிகளில் அச்சடித்திருந்த முகவரியைத் தட்டினால் சூதாட்டப் பக்கம் திறந்தது. மூவாயிரம் பெட்டிகளுக்கு மேல் அவரும் மனைவியும் இரவிரவாக ஸ்டிக்கர் ஒட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எங்கள் ஊரில் பிள்ளைகள் போவதும் போகாமல் இருப்பதும் நம் கையில் இல்லை. ஆகவே டொமைன், பேஸ்புக் பக்கம், கூகிள் கணக்கு மூன்றும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் நம்பரில் இருக்கட்டும். உங்களுக்குத் தளம் செய்கிற பெடியனை உதவியாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

டொட் எல்கே முகவரி நல்லது. பார்த்தவுடனே இலங்கை என்று தெரியும். 2010 முதல் "டொட் இலங்கை" என்று முழுத் தமிழிலும் முகவரி எடுக்கலாம். எனக்கு அதில் பெரிய விருப்பம் உண்டு, ஆனால் வெளிநாட்டுப் போன்களில் தமிழ் விசைப்பலகை இருப்பது குறைவு. முதலில் எல்கே, பிறகு வசதி வந்தால் அது.

உங்களிடம் ஒன்றரை லட்சம் கேட்ட பெடியன் முன்னர் செய்த தளம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் யுனிகோட். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழுந்தால் பாமினி என்கிற பழைய எழுத்துரு. நம்முடைய அச்சகங்கள் லேபலையும் கலியாணக் காட்டையும் பாமினியில்தான் காலம் காலமாக அடித்து வந்திருக்கின்றன. கடதாசிக்கு அதில் ஒரு குறையுமில்லை. தளத்தில் அதைப் போட்டால் கூகிளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஒடியல் மா என்று உலகமே தேடினாலும் நீங்கள் அகப்பட மாட்டீர்கள். எழுத்தைப் படமாக்கி ஒட்டினாலும் இதே கதிதான்.

விளம்பரத்தைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் இருக்கிறது. பேஸ்புக் விளம்பரத்தின் விலை டொலரோடு ஏறி இறங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, அதே விளம்பரத்துக்கு ரூபாவில் முக்கால் பங்கு கூடக் கட்டவேண்டி வந்தது. அதனால் மாதாமாதம் இவ்வளவு என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நல்லூர்க் கொடியேறுவதற்கு ஒரு கிழமை முந்தி ஐந்து நாள், தைப்பொங்கலுக்கு முந்தி ஐந்து நாள், இவ்வளவும் போதும். இடத்தை யாழ்ப்பாண நகரைச் சுற்றி என்று கொடுங்கள். விடுமுறைக்கு வந்திருக்கிறவரும் அதற்குள் அகப்படுவார். மொழி என்கிற கட்டத்தில் தமிழ் என்று தெரிவு செய்யாதீர்கள். அது பேஸ்புக்கில் வைத்திருக்கிற மொழியைப் பார்க்கிறது, நம்மில் பெரும்பாலானோர் பேஸ்புக்கை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறோம். கட்டத்தை வெறுமையாக விட்டு விளம்பரத்தைத் தமிழில் எழுதுங்கள், வாசிக்கத் தெரிந்தவர் நிற்பார்.

எத்தனை லைக் விழுந்தது என்று பார்க்கவேண்டாம். ஒரு கொப்பி போட்டு, ஓடர் தருகிற ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீங்கள்?" என்று கேட்டு எழுதுங்கள். வரைபடமா, பேஸ்புக்கா, ஆரும் சொன்னதா? இரண்டு திருவிழாக்காலம் போனதும், தொடாமல் வைத்த இருபதாயிரத்தை எதில் போடுவது என்று அந்தக் கொப்பி காட்டிவிடும்.

பெடியனைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். டொமைன் வாங்கவும் ஒரு பக்கத்தைச் செய்து தரவும் மட்டும் கூலி பேசுங்கள். உழைப்புக்குரிய காசைக் குறைக்காமல் கொடுங்கள். முதல் படத்தை நாங்களே தருகிறோம் என்றும் சொல்லுங்கள். அடுத்தமுறை வறுக்கும்போது, சுளகில் மிளகாய் ஆறிக்கொண்டிருக்கையில், மச்சாளின் கையும் தெரிகிறமாதிரி எடுங்கள்.