தருமம் விலையிலேயே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

சிப்பி, சங்கு, அலை வடிவங்களில் நகை செய்து மலையடியில் இருக்கும் உன் தேவாரம் ஊரிலிருந்தே விற்கப்போவதாகவும், வரும் லாபத்தில் கடலுக்காகக் கொஞ்சம் ஒதுக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். நல்ல எண்ணம், தாராளமாகத் தொடங்கு. ஆனால் 'லாபம் வந்ததும் தருமம்' என்ற வரியை மட்டும் மாற்றிக்கொள். கடலின் பெயரைச் சொல்லி விற்கும் தொழிலில் தருமம் கடைசியில் வந்து சேரக் கூடாது. சரக்கு எடுக்கும்போதும் விலை வைக்கும்போதுமே அது உள்ளே இருக்க வேண்டும்.

முதலில் சரக்கைப் பார். மன்னார் வளைகுடாவில் மண்டபம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது அதற்குப் பெரிய காரணம். நூற்றாண்டுகளாக நடந்த தூத்துக்குடி முத்துக்குளிப்பும் 1961ஓடு நின்றுபோனது. கடல் வற்றாத களஞ்சியம் இல்லை என்பதற்கு இவை போதும். பவளப்பாறைகளும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன, சில அரிய சங்கு வகைகளும் அப்படியே. தடை இல்லாத சிப்பியிலும் கவனம் வேண்டும். கரையில் உருண்டு ஒதுங்கியது நிறம் மங்கி, ஓரம் தேய்ந்திருக்கும். கடையில் பளபளவென்று கிடைப்பவற்றில் பல, உயிரோடு எடுத்துச் சதையை நீக்கியவை. அவற்றைக் கோத்து 'கடலைக் காப்போம்' என்று அட்டையில் எழுதினால், எடுத்த இடத்துக்கே பிச்சை போடுவதாகத்தான் முடியும். இதெல்லாம் இல்லாமல் கடல் நகை ஏது என்று கேட்பாய். அலையும் மீனும் சங்கின் சுழியும் வடிவங்கள்தாமே? பித்தளையில், வெள்ளியில், சுடுமண்ணில், கண்ணாடிப் பாசியில் அவற்றைக் கொண்டுவரலாம். முத்து வேண்டுமென்றால் நன்னீர் வளர்ப்பு முத்து மலிவாகவே கிடைக்கிறது. அதைக் கடல் முத்து என்று மட்டும் சொல்லிவிடாதே.

அடுத்தது விலை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2017இல் தொடங்கிய ஃபோர்ஓஷன் நிறுவனம், ஒரு கைவளை விற்றால் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் குப்பையை அகற்றுவோம் என்ற வாக்கோடு வந்தது. வாங்குகிறவர் அதை எண்ணிப் பார்க்க முடியும், எடை கேட்க முடியும். 'லாபத்தில் பத்து சதவீதம்' என்ற வாக்கில் அது முடியாது. உன் லாபம் எவ்வளவென்று உனக்குத்தான் தெரியும், நஷ்டம் வந்த மாதத்தில் தருமமும் நின்றுவிடும். ஆகவே முந்நூறு ரூபாய்த் தோட்டுக்குப் பத்து ரூபாய் என்று, கொக்கி, அட்டை, கூரியர் போல அடக்க விலையிலேயே சேர்த்து, தனியாக எடுத்து வை. கால் ஊன்றாத தொழிலுக்கு இது பாரமாகாதா என்று தோன்றும். பாரம் என்றால் ஐந்து ரூபாயாக வை. தவறாமல் கொடுக்கும் ஐந்து ரூபாய், எப்போதாவது கொடுக்கும் ஐந்நூறைவிட நம்பிக்கையைச் சேர்க்கும்.

மலையடியில் இருப்பவளுக்குக் கடல் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். உன் பலமே அங்கேதான் இருக்கிறது. கடலில் கிடக்கும் குப்பையை எத்தனை முறை அள்ளினாலும் மேலிருந்து வருவது நிற்காது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் ஓடைகளெல்லாம் வைகைக்குப் போகின்றன, வைகை ராமநாதபுரம் வழியாகக் கடலை நோக்கிப் போகிறது. வழியில் 1959 முதல் அணை நிற்கிறதே, முடிவில் பெரிய கண்மாய் இருக்கிறதே, தண்ணீர் கடலைத் தொடுவதே அபூர்வம்தானே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் பெருவெள்ளத்தில்தான் அது கடலைத் தொடுகிறது, குப்பையை அடித்துக்கொண்டு போவதும் அதே வெள்ளம்தான். போகாத குப்பை அணையிலும் கண்மாயிலும் வயலிலும் தங்குகிறது, அதுவும் நம் மக்களுக்குத்தான் கேடு. அதனால் ஒதுக்கிய பணத்தைத் தொலைதூரத்துக்கு அனுப்புவதைவிட, ஐப்பசி மழைக்கு முன் ஊர் ஓடைகளில் பிளாஸ்டிக்கை அள்ளுகிறவர்களுக்கு நல்ல கூலியாகக் கொடு. அள்ளியதை எடை போடு.

ஒவ்வொரு நகையோடும் போகும் அட்டையில் இரண்டே செய்தி போதும்: இது எதனால் செய்தது, இதுவரை ஓடையிலிருந்து எத்தனை கிலோ எடுத்தோம். அந்த இரண்டையும் கூச்சமில்லாமல் எழுத முடிகிற வரை உன் தொழிலும் தருமமும் ஒன்றாகவே இருக்கும்.

நல்லா இரு, தாயி.

இப்படிக்கு,
உன் பெரியப்பா