வயோலாவுக்கு எந்தப் பிள்ளையை அனுப்பலாம்?

வயலின் வராத பிள்ளையை வயோலாவுக்கு மாற்றாதீர்கள். ஜொகூரின் ஸ்கூடாயில் என் வகுப்புக்கு வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான். வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே ஒலிக்கும் வாத்தியம் இது. கம்பி தடிமன், வில்லும் கனம். அடிக்கம்பி தொட்டதும் பேசிவிடாது. வில்லை நிதானமாக இழுத்து, கையின் பாரத்தை அதில் இறக்க வேண்டும். விரல் சுத்தம் வராதவருக்கு இங்கே சிரமம் கூடும்.

சேர்ந்து வாசிக்கையில் தன் பாகத்தோடு அடுத்தவர் பாகத்தையும் காதில் வாங்குகிற பிள்ளையை அனுப்புங்கள். மற்ற ஒலிகளுக்கிடையே வயோலா எளிதில் அமுங்கிவிடும்; வயலின், வயோலா இரண்டுக்குமாக மொசார்ட் 1779-இல் எழுதிய சின்ஃபோனியா கொன்செர்தான்தேயில், வயோலாவின் ஒலி மங்கிவிடாதிருக்க அதை அரைச் சுரம் ஏற்றிச் சுருதி சேர்க்கச் சொன்னார். அவரே வயோலா வாசித்தவர்.

வாங்கும்போது கையை அளந்து வாங்குங்கள். பெரியவர்களுக்கான வயோலாவின் உடல் 15 அங்குலத்திலிருந்து 16½ வரை இருக்கும். தோளில் வைத்து இடது கையை நீட்டினால் சுருள்தலையை விரல்கள் வளைத்துப் பிடிக்க வேண்டும். பெரியதுதான் நன்றாக ஒலிக்கும் என்று வாங்கி, மணிக்கட்டு வலியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுபிள்ளைக்குச் சின்ன வயலினில் வயோலாக் கம்பி மாட்டினால் போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் முறுக்காணி இறுகும், ஏர்கோன் அறையில் நழுவும். பூட்டிய காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். பசை இளகி ஒட்டு விட்டுவிடும்.

பிழைப்பு? கோலாலம்பூரில் 1998 முதல் மலேசிய ஃபில்ஹார்மோனிக், பாலத்துக்கு அந்தப் பக்கம் 1979 முதல் சிங்கப்பூர் சிம்ஃபனி. முழு இசைக்குழுவிலேயே வயோலாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாற்காலிதான். அதனால் சொல்லிக்கொடுப்பதே சோறு போடும். வயலினும் கற்றுத்தரத் தெரிந்திருக்க வேண்டும். வயோலாவுக்கான ஆல்ட்டோ கிளெஃப் குறிமானத்தைப் பார்த்தவுடன் வாசிப்பவரைக் கடைசி நேரத்திலும் கூப்பிடுவார்கள்.

கர்நாடக இசை கற்கும் நம் பிள்ளைகளிடம், பாடகர் பாலமுரளிகிருஷ்ணா வயோலா வாசித்ததைச் சொல்கிறேன். சி, ஜி, டி, ஏ என்ற நான்கு கம்பிகளில் மேல் இரண்டையும் ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கினால், ஒரு கட்டைக்கு ச-ப-ச-ப தயார். ஆண் குரலோடு அது இழையும் விதமே தனி. தடித்த கம்பியில் கமகத்துக்கு விரல் பழக நாளாகும். அதுவரை வர்ணத்தை முதல் காலத்தில் மட்டும் வாசிக்க வைக்கிறேன்.