மிளகு வாசனையும் கஞ்சா எண்ணெயும்
(இந்த மாதப் பாடம்: உடல்நலம்)



கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளில் ஷிப்டு முழுக்க நின்று வேலை பார்க்கும் நம் உறுப்பினர்கள் பலருக்கு முட்டிவலி, இடுப்புவலி. "மேடம், கஞ்சா எண்ணெய் தடவினா வலி போயிடுமாமே, நெசமா?" என்று குழுக் கூட்டங்களில் எங்களைக் கேட்கிறார்கள். அதையே இந்த மாதம் பாடமாகப் படிப்போம்.

வாசனை எங்கிருந்து வருது?

செடிகளுக்கு வாசனை தரும் பொருட்களில் ஒரு பெரிய வகை 'டெர்பீன்'. கஞ்சாச் செடியில் பல டெர்பீன்கள் உண்டு. அதில் ஒன்று 'கேரியோஃபிலின்'. இதே பொருள் நம்ம அஞ்சறைப் பெட்டி மிளகிலும் கிராம்பிலும் இருக்கு! மிளகை இடிச்சதும் மூக்கில் ஏறுகிற வாசனையில் இதற்குப் பங்கு உண்டு. நாக்கில் உறைக்கும் காரம் வேறு, அது 'பைப்பரின்'.

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

கஞ்சாவின் போதைப்பொருள் நம் மூளையில் உள்ள ஒருவகைப் 'பூட்டை'த் திறக்கிறது. அதனால்தான் போதை. கேரியோஃபிலின் அந்தப் பூட்டில் சேராது. நோய் எதிர்ப்பு அணுக்களில் உள்ள வேறு பூட்டில்தான் சேரும். எனவே இதனால் போதை இல்லை. 2008-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். எலிகளுக்குக் கொடுத்தபோது வீக்கம் குறைந்தது. ஆனால் மனிதர்களின் முட்டிவலி இதனால் தீரும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. மிளகு ரசம் நல்ல உணவு. மருந்துக்குப் பதில் ஆகாது.

நாம் கவனிக்க வேண்டியவை

1. கஞ்சா வைத்திருப்பதும் விற்பதும் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தாலும் ஓராண்டு வரை சிறை உண்டு.

2. லேபிள் இல்லாத பாட்டிலில் என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. குழுக் கடன் எடுத்து அதை வாங்காதீங்க. வலி நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. சுகர், பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க.

3. கிராம்பு எண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது.

மசாலாப் பொடி செய்யும் குழுக்களுக்கு

டெர்பீன் காற்றில் பறக்கும் பொருள். மிளகை முழுசாக வாங்கி, லேசாகச் சூடுகாட்டி, ஆறியபின் அரைத்து, அன்றைக்கே காற்றுப் புகாமல் பாக்கெட் போடுங்கள். அரைத்த பொடியைத் திறந்து வைத்தால் வாசனையும் போகும், வாடிக்கையாளரும் போவார். ஆனால் பாக்கெட்டில் "வலி தீரும்" என்று அச்சடிக்காதீர்கள். பொய்யான வாக்குறுதியை 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• நம் ஊரில் வலிக்கு என்று யார் என்ன விற்கிறார்கள்? எவ்வளவு பணம் போகிறது?
• நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார ஸ்டூல் கேட்டிருக்கிறோமா?